பட்டப்பகலில் தாழ்ப்பாள் போடச் சொன்ன குரல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை, ஒருவேளை பேய் ஒன்பதாம் வகுப்பில் வருகிறதோ என்னவோ. அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு வரிசை ரூம், அதில் ஒன்றில் ஐந்து பேர் இருந்தோம். நான் திருத்தணிப் பக்கம், கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. மற்ற நாலு பேரும் தெற்கிலிருந்து வந்த டிப்ளமோ பையன்கள். மூன்று ஷிஃப்ட், மூன்று பாய், ஒரே சோப்பு. ஒருத்தன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அந்தப் பாயில் அடுத்தவன் விழுவான். அந்தத் தூக்கம் இப்போது ஏசி போட்டாலும் வருவதில்லை.

பூட்டுக்குச் சாவி ஒன்றுதான். ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் தட்டி, தூங்குகிறவனை எழுப்பக் கூடாதே என்று யாரும் உள்ளே தாழ்ப்பாள் போடுவதில்லை. அந்த வரிசை முழுக்க அதே பழக்கம். எதிர்த்தவன் எங்கள் ரூம் இசக்கி ஒருத்தன்தான். தெரியாதவன் கேட்டால் போனைக் கையில் கொடுக்காதே, பேர் கேட்காமல் கதவைத் திறக்காதே என்று நச்சரிப்பான். நாங்கள் அவனுக்கு எஸ்.பி. சார் என்று பேர் வைத்திருந்தோம்.

அந்த வாரம்தான் அவனுக்கு ஒரகடத்தில் பெர்மனென்ட் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் நான் நைட் ஷிஃப்ட் முடிந்து வர, அவன் பழைய வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ஏல மணி, பொட்டியில என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இருக்கு. திங்கக்கெழமை காட்டலேன்னா வேலை போச்சு. தாப்பா போட்டுட்டு உறங்குல, நான் வந்து தட்டுதேன்."

"போ சார். நம்ம ரூம்ல திருடன் பூந்தான்னு வையி, பாவம் பாத்து அவனே ஒரு லுங்கி குட்துட்டு பூடுவான்."

"வெளையாடாதல."

அவன் போய்விட்டான், மற்ற மூன்று பேருக்கும் அன்றைக்குப் பகல் ஷிஃப்ட். கதவு ரெண்டு எட்டுதான், ஆனால் எனக்குச் சோம்பல். அப்படியே படுத்துவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். "எந்திரில, தாப்பா போடு" என்று காதோரம் இசக்கியின் குரல், மூச்சுக்காற்று கூட பட்டது. அரைக்கண்ணில் பார்த்தால் யூனிஃபார்மோடு பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னாடா, பர்மிஷன் போட்னு வந்துட்டியா?"

அவன் தாடையால் கதவைக் காட்டினான். சனியன் விடாது என்று தள்ளாடிப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து விழுந்தேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை, வெளியிலிருந்து யாரோ கதவைத் தள்ளினார்கள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"அண்ணா, தண்ணி கேன்."

எழுந்து திறக்கப் போனேன். "பேர் கேளுல" என்றது பின்னாலிருந்து.

"தோ வரேன். உன் பேரு இன்னாபா?"

செருப்பு சரக் சரக்கென்று தள்ளிப் போயிற்று. இதற்கப்புறமும் தூங்கினேன் என்றால் எவ்வளவு பெரிய வீரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு வெளியே அழுகைச் சத்தம். பக்கத்து ரூம் முனீஸ். தூங்கும்போது போனும் பையும் போய்விட்டன, படித்த சர்டிபிகேட் மொத்தமும் அந்தப் பையில். இசக்கியிடம் சொல்லத் திரும்பினேன், அவன் இல்லை. கடைக்குப் போயிருப்பான் என்று கதவில் கை வைத்தேன். நான் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அந்த ரூமுக்கு வேறு வழி கிடையாது. ஜன்னல் கம்பிக்குள் என் கை நுழையும், அவ்வளவுதான்.

சாயந்திரம் இசக்கி வந்தான். காலையிலிருந்து லைனை விட்டு நகரவே இல்லையாம், டீக்குக்கூட சூப்பர்வைசர் விடவில்லையாம். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தான், எல்லாம் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். நைட் ஷிஃப்ட் மூளை என்று மற்றவர்கள் சிரித்தார்கள். இசக்கி மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் முனீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு வந்தான். என் கதை அவனுக்குத் தெரியாது. எங்கள் வாசலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொன்னான்.

"காலைல எங்கப்பா சத்தம் கேட்டுச்சுண்ணே. 'முனியா, எந்திரி, கதவச் சாத்து'ன்னு. அப்பா சாத்தூர்ல இருக்காரு, இங்க எப்படி வருவாரு? கனவுன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

முனீஸ் டூப்ளிகேட் வாங்க மாசக்கணக்கில் அலைந்தான். இசக்கி திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான், ரூமும் மெல்லக் கலைந்தது. இப்போது அந்த இடத்தில் ஹாஸ்டல், கட்டைவிரல் வைத்தால்தான் கதவு திறக்கும். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒன்றுதான் மனதை அரிக்கிறது. அன்றைக்கு எனக்கும் ஊரில் அப்பா இருந்தார். அவர் குரலில் கூப்பிட்டிருந்தால் நானும் கனவென்று எழுந்தே இருக்க மாட்டேன். அது அந்தக் குரலுக்கு எப்படித் தெரிந்தது?