லேபிள் இல்லாத டோனர்

எனக்கு நிச்சயம் முடிந்த மறுவாரம், மாப்பிள்ளையின் அம்மா ஜித்ராவிலிருந்து பாடாங் செராயிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பழம் என்று நினைத்து என் அம்மா அதைச் சாமி மேடைப் பக்கம் கொண்டுபோனார்.

"அது சாமிக்கு இல்லங்க, பொண்ணுக்கு," என்று அத்தை சிரித்தார்.

உள்ளே ஒரு பாட்டில். மஞ்சள் நிறத் தண்ணீர். பெயரும் இல்லை, லேபிளும் இல்லை.

"டோனர்மா. மூஞ்சி கழுவுனதும் பஞ்சுல நனைச்சுத் தொடை. கல்யாணத்துக்குள்ள வெளுத்துடுவ. போட்டோவுல என் மகன் பக்கத்துல நிக்கணும்ல?"

அவர் மகன் என்னைவிடக் கறுப்பு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு டோனர் இருந்தது. எனக்குக் குலிம் தொழிற்சாலையில் வேலை; நாள் முழுக்க முகக்கவசம், குளிர்காற்று. முதலில் மலிவாக வாங்கியதில் ஆல்கஹால் இருந்ததால் கன்னம் காய்ந்து வெடித்தது. பிறகு கடையில் நின்று பாட்டில் பாட்டிலாகப் பின்பக்கம் படித்து, ஆல்கஹாலும் வாசனையும் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் ஒற்றிக்கொண்டால் போதும். அதை அம்மா எடுத்து ஒளித்துவைத்தார். "சம்பந்தி வீட்டுல குடுத்தத போடாம இருந்தா என்ன நெனைப்பாங்க?"

போட்டேன். முதல் நாளே எரிந்தது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்," என்றார் அம்மா. சில நாளில் தோல் மெல்லிசாக உரிந்து, உள்ளேயிருந்து பளபளவென்று ஒரு புதுத்தோல் வந்தது. தொழிற்சாலையில் என் தோழிகள் சூழ்ந்துகொண்டார்கள். "ஃபேஸ் கிளோவா இருக்குலா! என்னா போடுற?"

அந்தப் பளபளப்பு நிலைக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது காலை வெயில் பட்டாலே ஊசி குத்துவது போல இருந்தது. ஒரு காலையில் இடது கண் திறக்கவில்லை. கன்னம் வீங்கி, நீர் கோத்து, தொட்டால் கையில் ஒட்டியது. கண்ணாடியைப் பார்த்து நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

கிளினிக்கில் ஒரு மலாய் டாக்டர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று மலாயில் கேட்டார். மாமியார் ஆகப்போகிறவர் கொடுத்தது என்று மட்டும் சொன்னேன். "குடிக்கிற தண்ணியில இப்படிப் பேரில்லாத எதையாவது ஊத்திக் குடுத்தா குடிப்பியா?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண அழைப்பிதழ் மாதிரிகளைக் காட்ட மகனோடு அத்தை வந்தார். என் முகத்தைப் பார்த்தும் அவருக்கு அதிர்ச்சியே இல்லை. அதுதான் என்னை உசுப்பியது.

"ஒனக்கு ஒத்துக்கல போலருக்கு," என்றார்.

நான் உள்ளே போய்ப் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து வந்தேன். பஞ்சை நன்றாக நனைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நீங்க போடுங்க அத்தை."

"எனக்கு எதுக்குமா? நான் என்ன கல்யாணப் பொண்ணா?"

"ஒரு தடவை. என் கண் முன்னாடி."

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஐயோ, வேணாம்! என் மகளுக்கே இதப் போட்டு மூஞ்சி வெந்துபோச்சு..."

சொல்லிவிட்டுத்தான் வாயை மூடினார். மகளைச் சுட்டது என்று தெரிந்துதான், மிச்சமிருந்ததை மருமகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். தங்கைக்கு வெந்தது அண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் அழைப்பிதழ் மாதிரியைப் புரட்டிக்கொண்டே, "அம்மா நல்லதுக்குத்தான் குடுத்தாங்க. இத பெருசாக்காத," என்றார்.

"சரி, பெருசாக்கல. கல்யாணம் வேணாம்."

அத்தை என்னென்னவோ கத்தினார். திமிர் என்றார், கறுப்புத் தோலுக்கு இவ்வளவு ரோஷமா என்றார். அப்போதுதான் என் அம்மா எழுந்தார். இத்தனை நாளும் என்னைக் கிள்ளி அடக்கியவர், வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு, "பத்திரமா போய்ட்டு வாங்க," என்றார். உள்ளே வந்து என் பழைய டோனரை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அம்மாமீதும் எனக்குக் கோபம்தான், இன்றுவரை.

தோல் ஆறப் பல மாதம் பிடித்தது. டாக்டர் சொல்லும்வரை வெறும் தண்ணீர் தவிர எதையும் முகத்தில் வைக்கவில்லை. இப்போதும் புதிதாக எதை வாங்கினாலும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி, சில நாள் பார்க்கிறேன். கடைப்பெண்கள் என் நிறத்தைப் பார்த்ததும் வெளுக்கும் பாட்டிலைத்தான் எடுத்து வருகிறார்கள். "வெளுக்கக் கேட்டேனா?" என்று கேட்பேன். கேட்கும்போது குரல் உயர்ந்துவிடும், உயரட்டும்.

இடது கன்னத்தில் கருந்தழும்பு ஒன்று தங்கிவிட்டது. கோயிலில் அதைப் பார்த்துவிட்டு ஒரு அக்கா, "பாவம், மூஞ்சி கெட்டதால கல்யாணம் நின்னுபோச்சாமே," என்றார், என் காதுபடவே.

"நிக்கலக்கா," என்றேன். "நான் நிறுத்துனேன்."