பல் கம்பிக்கு எழுதிய மொய்

அந்த அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

மகனுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர் அவர். நாமக்கல்லில் கோழித்தீவன மில் வைத்திருக்கும் குடும்பம், எங்களுக்குத் தூரத்து உறவு. என் அப்பா ஒரு கோழிப்பண்ணையில் மேற்பார்வை பார்ப்பவர். நான் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் ஆபீசில் வேலை பார்த்தேன். மாப்பிள்ளை செல்போனிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. அவருடைய அம்மாதான் எழுந்து வந்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

“புள்ள நல்லாத்தானுங்க இருக்குது. பல்லு மட்டும் முன்னால தள்ளிக்கிட்டு இருக்குது. கம்பி கட்டிச் சரி பண்ணீட்டீங்கன்னா மத்ததப் பேசிக்கலாமுங்க.”

“பண்ணீரலாமுங்க” என்றார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை.

சேலத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பல் ஆஸ்பத்திரியில் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு அப்பா டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். மாதத் தவணை உண்டு என்றார்கள்தான், ஆனால் முதலில் கட்டச் சொன்ன பணத்துக்கே எங்களிடம் வழி இல்லை. பட்டறையில் ஒருவர் சொல்லி, பைபாஸில் இருந்த பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். மேல்படிப்புப் படிக்கிற டாக்டர்கள் பார்ப்பதால் அங்கே செலவு பாதிக்கும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் பொழுது முழுக்கக் காத்துக்கிடக்க வேண்டும், எனக்கு அன்றைய சம்பளம் போகும். முன்பணத்துக்கு அம்மாவின் சங்கிலி சொசைட்டியில் அடகுக்குப் போனது. மாதா மாதம் கம்பியை முறுக்கும் செலவு என் தலையில்.

பற்கள் உள்ளே போக இடம் வேண்டும் என்று, சொத்தையே இல்லாத நான்கு பற்களைப் பிடுங்கினார்கள். கம்பி முறுக்கிய நாட்களில் இட்லியைக்கூட மெல்ல முடியாது. ரசத்தில் கரைத்து விழுங்கினேன். அப்போதெல்லாம் அந்த அம்மாவின் விரல்கள் என் முகவாயில் இருப்பதுபோலவே இருக்கும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் தரகர் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார். திருச்செங்கோட்டுப் பக்கம், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டுகிற பெரிய இடத்தில் தீவன மில்காரர்களுக்குப் பெண் முடிவாகிவிட்டதாம்.

“கம்பி கட்டுன பல்லு மறுக்கா முன்னால வந்துருமாமா. பொறக்கற கொழந்தைக்கும் அப்படியே வருமாமா. அந்தம்மா சொல்றாங்க” என்றார்.

“உடு சாமி” என்றார் அப்பா என்னிடம். விட்டிருப்பேனோ என்னவோ. அடுத்த மாதம் அதே அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து பத்திரிகை வைத்தார். “சொந்தம் உட்டுப் போகக் கூடாது, அவசியம் வந்துருங்க” என்று சிரித்தார். போவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மண்டப வாசலில் கம்ப்யூட்டர் வைத்து மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்று அப்பாவின் பெயரையும் ஊரையும் சொன்னேன். தொகையைச் சொன்னதும் எழுதுகிறவர் அதைப் பதிந்துவிட்டு, மரியாதையாக நிமிர்ந்து பணத்துக்குக் கை நீட்டினார்.

“அது கட்டியாச்சுங்க” என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி. “மாப்பிள்ளையோட அம்மா சொன்னாங்கன்னு என் பல்லுக்குக் கம்பி கட்டுனோம். அப்பறம் வேற பொண்ணப் பாத்துட்டாங்க. அந்தச் செலவு பூராவும் இந்தக் கல்யாணத்துக்கு எங்க மொய்யுங்க. எங்க ஊட்டு விசேஷத்துல அவங்க திருப்பிச் செய்யட்டும்.”

வாயை நன்றாகத் திறந்து கம்பியைக் காட்டினேன். பின்னால் நின்ற பெண் வீட்டுப் பெரியவர், “என்னம்மா சொல்ற?” என்றார். அவருக்கு ஆரம்பத்திலிருந்து சொன்னேன், எதையும் விடாமல். அதற்குள் புதுப்பட்டு சரசரக்க அந்த அம்மா ஓடி வந்தார்.

“நல்ல காரியத்துல ஏன் சாமி இப்படிப் பண்ற?”

“நீங்க பண்ணுனதத்தானுங்க அத்தை சொன்னேன்.”

என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். என் முகவாயை நிமிர்த்திய அதே விரல்கள். அந்தக் கெஞ்சல் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். பந்தியில் உட்கார்ந்து, டாக்டர் கூடவே கூடாது என்ற முறுக்கைக் கடித்துத் தின்றேன். ஒரு கிளிப் பெயர்ந்து வந்தது. அதை ஒட்ட மறுபடி செலவு.

“ஊருக்குள்ள எப்படித் தல காட்டறது?” என்று கேட்டார் அப்பா. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் விசாரித்திருக்க வேண்டும். ஒரு காலையில் மாப்பிள்ளையின் அப்பா தனியாக வந்து, சோபாவில் பட்டும்படாமல் உட்கார்ந்து, கவரை நீட்டினார்.

“அந்த மொய் எழுத்த அடிச்சிரலாமுங்க.”

அப்பா, “வேண்டாமுங்க, வேண்டாமுங்க” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் வாங்கிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் சங்கிலி அம்மாவின் கழுத்துக்கு வந்துவிட்டது.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. பணம் கொண்டுவந்தவர் பாவம், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த அம்மா வரவே இல்லை. எங்கள் வீட்டு வாசல்படி ஏறியிருக்க வேண்டியது அவர்தான்.