சங்கச் செயலாளரின் நோய்

குடவாசலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் அமிர்தலிங்கம் விவசாயச் சங்கத்தின் செயலாளராக இருந்தார். குத்தகைக்காரர்களின் பெயரைத் தாலுகா ஆபீஸ் குத்தகைப் பதிவேட்டில் பதியவிடாமல் நிலத்தைவிட்டு வெளியேற்றிய மிராசுதார்களை எதிர்த்து எழுபதுகளில் அவர் பேசாத ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரே நாளில் ஐந்து ஊருக்கு சைக்கிளில் போவார். இரண்டு மணி நேரத் தூக்கம் போதும் என்பார். தாலுகா ஆபீசுக்கு நாற்பது பக்கம் மனு எழுதுவார். சங்கத்துக்கு அவரால் பெருமை.

பிறகு திடீரென்று படுத்துவிடுவார். சுவரைப் பார்த்துத் திரும்பினால் இரண்டு மாதம் எழுந்திருக்கமாட்டார். குளிப்பதில்லை. நெஞ்சு படபடக்கிறது, யாரோ வருகிறார்கள் என்று நடுங்குவார். மிராசுதாரிடம் விலைபோய்விட்டார் என்று சங்கத்துக்குள்ளேயே பேச்சு கிளம்பியது. அது மனைவி தனபாக்கியத்தின் காதுக்கும் வந்தது. அவள் அவரிடம் சொல்லவில்லை.

எண்பத்தொன்றில், செத்தால் தேவலை என்று அவர் சொல்லத் தொடங்கியதும் டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். வாயே திறக்காத ஒரு மனிதரைத்தான் அந்த டாக்டர் பார்த்தார். மனச்சோர்வுக்கு ஒன்று, படபடப்புக்கு ஒன்று என மாத்திரை கொடுத்தார். மூன்று வாரத்தில் அமிர்தலிங்கம் எழுந்து உட்கார்ந்து, சோறு கேட்டுச் சாப்பிட்டார். தனபாக்கியம் அடுப்படிக்குப் போய் அழுதாள். நான்காவது வாரம் அவருக்குத் தூக்கம் போயிற்று.

நடராசன் என்பவரின் குத்தகை வயல் அப்போது வழக்கில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை கதிரில் கை வைப்பதில்லை என்பது சங்கத்தின் முடிவு. தை பிறந்ததும் ஒரு காலையில் அமிர்தலிங்கம், வராத தீர்ப்பை வந்துவிட்டது என்று சொல்லி, நடராசனோடு ஏழு பேரை அரிவாளும் கையுமாக வயலில் இறக்கினார். அவர் சொன்னால் நம்பாமல் யார் இருப்பார்கள்? மிராசுதாரின் ஆட்கள் தடியோடு வந்தார்கள். நடராசனின் இடுப்பெலும்பு உடைந்தது. போலீஸ் ஸ்டேஷனிலும் அமிர்தலிங்கம் பேச்சை நிறுத்தவில்லை. சுவரைப் பார்த்து, கூட்டத்தில் பேசுவதுபோல் பேசிக்கொண்டே இருந்தார். அங்கிருந்து அவரைத் தஞ்சாவூருக்கு வைத்தியத்துக்கு அனுப்பினார்கள்.

தஞ்சாவூர் டாக்டர் தனபாக்கியத்திடம் கேட்டார்: "படுக்கறதுக்கு முன்னாடி எப்படிம்மா இருப்பாரு?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. தூக்கம் போவது, பேச்சு பெருகுவது, நாற்பது பக்க மனு என்று அவள் வருஷக்கணக்கைச் சொன்னாள்.

"ரெண்டும் ஒரே வியாதிம்மா. சோர்வுக்கு மட்டும் மாத்திரை குடுத்தா, இவர மாதிரி ஆளுங்களுக்கு அது இந்தத் தூக்கமில்லாம பேசுற பக்கம் ஏத்திவிட்டுடும்" என்றார் டாக்டர். பழைய மாத்திரைகளை நிறுத்தி, இரண்டு பக்கமும் போகாமல் பிடித்துவைக்கும் லித்தியம் மாத்திரை எழுதினார். அடிக்கடி ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

ஒரு மாதத்தில் அமிர்தலிங்கம் அடங்கினார். மாத்திரையால் ஓயாத தாகம், கை நடுக்கம். ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டார்: "அப்ப நான் பேசுனதெல்லாம் வியாதிதானா?"

தனபாக்கியம் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "எனக்குத் தெரியலைங்க. ஆனா நீங்க பேசிப் பதிவு வாங்குன பதினாலு பேரும் இன்னும் உழுதுகிட்டுத்தான் இருக்காங்க."

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை.

இரண்டு தடவை யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில்தான் முடிந்தது. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. சங்கம் வேறு செயலாளரைத் தேர்ந்தெடுத்தது.

வழக்கு நடராசன் பக்கம் தீர்ப்பானது. ஆனால் அவரால் குனிய முடியவில்லை. அமிர்தலிங்கம் பார்க்கப் போனபோது, "உங்கள நம்பித்தானே வந்தோம்" என்று மட்டும் நடராசன் சொன்னார். அந்தக் குறுவைக்கு நடராசனின் வயலை அமிர்தலிங்கமே உழுது நட்டார். நடராசன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயல் பக்கம் வரவுமில்லை.