பிள்ளை அழுத பிறகு தேயிலை

இரணியல் எலிசாவுக்கு வேதப்புத்தகத்துக்கு அடுத்தபடி தேயிலைதான் என்று அவள் சபையில் கேலி பேசுவார்கள். கேலியில் பொய்யில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்த அந்த மனுஷி, மார்த்தாண்டம் தொட்டு நாஞ்சில் நாட்டு வயலோரங்கள் வரை நடந்தும் மாட்டுவண்டியிலும் போய்ப் பிள்ளை எடுத்தாள். கூலியை வாய்விட்டுக் கேட்டதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். ஆனால் தேயிலையைக் கேட்டு வாங்கிக் குடிப்பாள். அதிலும் ஒரு பிடிவாதம். பிள்ளை வீறிட்டு அழ வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூட அவள் தொண்டையில் இறங்காது.

குடிக்கிறவள் சும்மா குடிப்பாளா? ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடிக்கொள்வாள். மேற்கே சாயா என்பார்கள். பாலில்லாத கட்டனைக் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் வைப்பார்கள், கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். குளச்சல் கரையில் ஒரு வீட்டில் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். கிணற்றில் இருந்த உப்போ, கடற்காற்றில் வந்த உப்போ, நாக்கில் லேசாகக் கரித்தது. அவளுக்கு அதுவும் பிடித்துப்போயிற்று. பனையேறி ஒருவன் வீட்டில் தண்ணீரே சேர்க்காமல், அன்று காலை இறக்கிய அக்கானியிலேயே இலையைப் போட்டுக் காய்ச்சியிருந்தார்கள். அந்தப் பனஞ்சாற்றின் இனிப்பும் இலையின் துவர்ப்பும் சேர்ந்து உள்ளே போனபோது, ஆண்டவருடைய கைவேலையை நினைத்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரே இலைதான பாத்துக்கிடுங்க. எந்த வீட்டு அடுப்புல ஏறுகோ, அந்த வீட்டு ருசி வந்திருது. பிள்ளையளும் அப்படித்தான்” என்பாள். இதை எல்லா வீட்டிலும் சொல்வாள். எல்லா வீட்டிலும் அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி சொல்வாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு நேரத்தில், தேரூர்ப் பக்கமிருந்து தாணப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். நெல்லையும் மாட்டையும் தவிர வேறெதுவும் தெரியாத அப்பாவி. அவன் மனைவி வடிவாம்பாள் முன்பு இரண்டு முறை பெற்றிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் அழவே இல்லை. இந்த மூன்றாவதாவது அழ வேண்டும் என்று அந்த வீட்டில் நேர்ச்சை நேராத கோயில் இல்லை. கிறிஸ்தவச்சியை வீட்டுக்குள் விடுவதா என்று முதலில் முறுக்கிக்கொண்ட அவன் தாயார் மீனாட்சியம்மாள்கூடக் கடைசியில், “யாரு வந்தாலும் சரி, பிள்ளை அழணும்” என்று இறங்கி வந்துவிட்டாள்.

எலிசா வந்ததும் உள்ளறைக்குப் போனாள். போகிற போக்கில், “ஒரு அண்டா தண்ணி கொதிக்கட்டும்” என்று தாணப்பனிடம் சொல்லிவிட்டுப் போனாள். மாமியாரும் மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டதால் அடுப்பு அவன் பொறுப்பாயிற்று.

உச்சிவெயில் சாய்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். உடம்பெல்லாம் நீலம் பாரித்து, துவண்ட கீரைத்தண்டாகக் கிடந்தது. எலிசா அதன் வாயைத் துடைத்தாள், உள்ளங்காலில் தட்டினாள், முதுகைத் தேய்த்தாள். சத்தமே இல்லை. வடிவாம்பாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த மௌனம் அவளுக்குப் பழக்கமான மௌனம்.

சுடுநீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினால் சில பிள்ளைகளுக்கு மூச்சு வரும் என்று ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எலிசாவுக்கு இனி அது ஒன்றுதான் மிச்சம்.

“வெந்நி! சீக்கிரம் வெந்நி கொண்டாருங்க!”

வாசலில் தாணப்பன் அண்டாவை வைத்தான். எலிசா உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. மேலே இலை மிதந்தது.

“இது என்ன?”

“தேயிலை. உங்களுக்குன்னு வடசேரியிலேருந்து வாங்கியாந்தேன். தண்ணி கொதிக்கணும்னு நீங்கதான சொன்னேள்?”

“அட கூறுகெட்டவனே! பொட்டலம் முழுக்கவா கொட்டினே?” என்று மீனாட்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தாணப்பனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் குந்திவிட்டான். தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்தான்.

வேறு தண்ணீர் காய்ச்ச நேரமில்லை. “ஆண்டவரே, இதுதான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே எலிசா அகன்ற உருளியில் தேயிலையை மொண்டு ஊற்றி, கிணற்றுத் தண்ணீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்தாள். பிள்ளையைக் கழுத்துவரை இறக்கினாள். எடுத்துப் பச்சைத் தண்ணீரில் முக்கினாள். மறுபடியும் தேயிலை. மறுபடியும் பச்சைத் தண்ணீர். அறை முழுக்கத் தேயிலை வாசம். அவளுக்கு உலகத்திலேயே பிடித்த வாசம், ஆனால் அன்று அவள் கண்ணை மூடவில்லை.

திரும்பவும் தேயிலையில் இறக்கியபோது விலா எலும்பு ஒன்று அசைந்தது. அசைந்ததா, தண்ணீர் அசைத்ததா என்று பார்ப்பதற்குள் பிள்ளை முகத்தைச் சுளித்தது. வாயைத் திறந்தது. தேரூர்க் களத்து நெல்மேல் இருந்த குருவியெல்லாம் பறந்திருக்கும், அப்படி ஒரு அழுகை.

முற்றத்தில் தாணப்பன் பிள்ளையைவிட உரக்க அழுதான். வடிவாம்பாள் சுவரிலிருந்து திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள். நெற்றியில் ஓர் இலைத்துணுக்கு ஒட்டியிருக்க, செம்பழுப்பாக நனைந்த பிள்ளையை எலிசா அந்தக் கைகளில் வைத்தாள். எத்தனையோ பிள்ளைகளை எடுத்தவள்தான். ஆனாலும் அன்றைக்குப்போல் அப்படியே தரையில் உட்கார்ந்தது கிடையாது. மூச்சு எங்கிருந்து வந்தது? ஒரு நொடி முன்னால் இல்லாதது இப்போது வீட்டையே அதிர வைக்கிறதே!

மீனாட்சியம்மாள் வாசலுக்குப் போனாள். அண்டாவில் மிஞ்சியிருந்ததை, வேறு யாரும் தொடாத தன் தம்ளரில் மொண்டாள். தேயிலை என்ற பெயரையே அந்த வீட்டுக்குள் அண்டவிடாதவள், ஒரே மடக்காகக் குடித்தாள். பாலுமில்லை, சர்க்கரையுமில்லை, பொட்டலம் முழுக்க வெந்த சாறு. முகம் கோணிக்கொண்டு போயிற்று. துப்பவில்லை.

“இந்தக் கசப்பிலயா எம் பேத்தி கண்ணு முழிச்சா?”

“ஆமாம்மா” என்றாள் எலிசா.

மீனாட்சியம்மாள் அதே தம்ளரை மறுபடியும் நிறைத்து, எலிசாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.