தங்கமான பையன்களும் எங்கள் யோகலட்சுமியும்

என் நாத்தனார் யோகலட்சுமி குற்றவியல் படிக்கப் போனபோது, ஓய்வுபெற்ற ஏட்டையாவான என் மாமனார் பரமசிவன் தென்காசி முழுக்கப் பெருமையடித்தார். மகள் தொப்பியும் லத்தியுமாகத் திரும்புவாள் என்று அவருக்கு ஒரு கணக்கு. அவளோ பரீட்சை எழுதி நன்னடத்தை அலுவலராக வந்து நின்றாள். முதல் தடவை தப்புச் செய்து மாட்டியவனைச் சிறைக்கு அனுப்பலாமா, கண்காணிப்பில் வெளியே விடலாமா என்று வீடு தேடிப் போய் விசாரித்து, கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும் வேலை.

"பிடிக்கதுக்கு நாங்க, விடுததுக்கு எம்மவளா?" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார் மாமனார். மீன்குழம்பு வைத்த அன்றுதான் சமாதானமானார்.

அவளைப் படாதபாடு படுத்தியது திருடர்களின் அக்கம்பக்கத்தார். எங்கள் பக்கத்தில் தெரியாத பெண் ஒருத்தி கைப்பையும் குடையுமாக வந்து "இந்தப் பையன் எப்படி?" என்று கேட்டால் அது கல்யாண விசாரணைதான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடிக்கப் பழகிய சனம் வேறு. "கோர்ட்டுல இருந்து வாரேன்" என்றால், "பொண்ணு கோர்ட்டுலயா வேலை பாக்கா? பய குடுத்து வச்சவன்!" என்பார்கள். களவாணி, குடிகாரன் அத்தனை பேரும் தங்கமான பையன்கள். அவளும் அதை நம்பி எழுத, அதில் ஒரு தங்கம் மறுபடியும் பூட்டை உடைத்து மாட்டியது.

அப்போதுதான் குத்துக்கல்வலசை சுபாஷ் கேஸ் வந்தது. இருபது வயதுப் பயல். குற்றால சீசனில் கண்ணாடி இறக்கியிருந்த காரிலிருந்து செல்போனைத் தூக்கினான். போனைப் பறிகொடுத்தவர் அந்த நம்பருக்குக் கூப்பிட்டதும் எடுத்து, "அண்ணாச்சி, யாரு வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான் மடையன்.

மாஜிஸ்திரேட் யோகாவிடம் கேட்டேவிட்டார். "ஏம்மா, இந்த ஊர்ல தங்கத்தைத் தவிர வேற பையனே கிடையாதா? இதுக்கும் அப்படியே எழுதினா உள்ளே அனுப்பிருவேன்."

உள்ளே போனால் இந்த மடையன் தொழில் கற்று நிஜத் திருடனாக வருவான் என்பது அவளுக்குத் தெரியும். பயந்துபோய்க் குத்துக்கல்வலசைக்கு ஓடினாள். தெரு முழுக்கத் தங்கம். கடைசியில் பக்கத்து வீட்டு உலகம்மையும் ஆட்டுக்குக் குழை போட்டபடியே, "தங்கமான பிள்ளை தாயி" என்றாள். யோகாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்போ உங்க மகளைக் குடுங்களேன்!"

"எம்மவளையா? அந்த மூதிக்கா?" உலகம்மை குழையைக் கீழே போட்டாள். "வெயில் உச்சிக்கு வந்தாலும் எந்திக்க மாட்டான். சேர்க்கை பூராவும் சீசன் கடைக் காவாலிப் பயலுவ. ஆனா எங்க வீட்டு ஆளு மயங்கி விழுந்தப்ப அவன்தான் தோள்ல தூக்கிட்டு ஓடினான், அதையும் சொல்லணும்லா. ஒர்க்ஷாப்புல விட்டா சோறு தண்ணி மறந்து கெடப்பான். சவத்துக்குக் களவாங்கக்கூடத் தெரியலியே!"

யோகா அத்தனை வசவையும் ஒரு சொல் விடாமல் அறிக்கையில் எழுதினாள். மாஜிஸ்திரேட் சிரித்தாராம். சுபாஷ் அவள் கண்காணிப்பில் வெளியே வந்தான். எங்கள் தெருமுனை ஒர்க்ஷாப்பிலேயே சேர்த்துவிட்டாள். நிபந்தனை ஒன்றுதான்: யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

அடுத்த சீசனில் அவளுக்கே வரன் வந்தது. ஆலங்குளத்து குமரகுரு, பேங்க் உத்தியோகம். போனில் பேசிப் பேசி இவளுக்கும் பிடித்துப்போனது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவன் அத்தை விசாரிக்க வந்தாள். தெருவில் இத்தனை பேர் இருக்க, ஒர்க்ஷாப்பில் நின்ற சுபாஷிடமா கேட்க வேண்டும்?

"அக்கா நல்லவங்கதான். ஆனா எங்க போன, யாரோட போனன்னு கேட்டே உசுர எடுத்துருவாவ. பொய் சொன்னா மூஞ்சியப் பாத்தே பிடிச்சிருவாவ. கேஸ்ல மாட்டுனவனெல்லாம் வீட்டுக்கு வருவான். நானே ஒருத்தன்."

அத்தை அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். வரனும் அதோடு போயிற்று. நேரே ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

"ஏலே நன்றி கெட்டவனே! தங்கமான பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் அவிஞ்சா போயிரும்?"

"அக்காதான உள்ளதைச் சொல்லச் சொன்னாவ?" என்றான். என்ன தப்பு செய்தான் என்றே அவனுக்குப் புரியவில்லை.

யோகா அன்று அழுதாள். "ஏட்டி, அவன் மேல கோவமே வரலியா?" என்றேன்.

"கொன்னு போடலாம்னு வருது மதினி."

ஆனால் அந்த மாதம் அவனைப் பற்றிக் கோர்ட்டுக்கு எழுத வேண்டியிருந்தது. "சுபாஷ் இப்போது பொய் சொல்வதில்லை. இதை நான் நேரில் அறிவேன்" என்று எழுதி, மூக்கைச் சிந்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.