ஏரியல் இல்லாத ஏழு மாதம்

செட் நன்றாகத்தான் இருந்தது. அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை. வால்வு நான்கும் எரிந்தன, பேட்டரி புதுசு, ஸ்பீக்கரில் கீறல் கிடையாது. அப்படிப்பட்ட நல்ல செட்டை வைத்துக்கொண்டு ஓர் ஊரையே ஏழு மாதம் செவிடாக வைத்திருந்தோம். இதைச் சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, டாக்டர் கோபப்படக் கூடாது என்கிறார். அவருக்கென்ன தெரியும்!

ஐம்பதுகளின் கடைசியில் நான் அறந்தாங்கியில் ரேடியோ மெக்கானிக். அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லா, புதுக்கோட்டை மாவட்டம் என்பதெல்லாம் பிறகு வந்தது. சர்க்கார் ஊர் ஊராகப் பஞ்சாயத்து ரேடியோ கொடுத்திருந்தது. அவற்றை மாதம் ஒரு முறை சைக்கிளில் போய்ப் பார்த்து, ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வருவது என் வேலை. என் ரூட் அறந்தாங்கியிலிருந்து கிழக்கே கடற்கரை வரை. கட்டுமாவடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, அப்போதைய பஞ்சாயத்துப் பிரசிடெண்டின் பேரன் பேத்திகள் அங்கே இருப்பார்கள்.

1. செட்டு நம்முடையது, கம்பி அவர்களுடையது

இப்போதைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பஞ்சாயத்து ரேடியோவில் நிலையம் மாற்றுகிற குமிழ் கிடையாது. திருச்சி நிலையத்தில் வைத்து சீல் போட்டிருப்பார்கள். திருச்சியிலிருந்து கடற்கரை வெகுதூரம். பகலில் சத்தம் தேய்ந்துதான் வந்து சேரும். அதைப் பிடிக்க முப்பதடி உயரத்தில் இரண்டு சவுக்குக் கம்பம் நட்டு, இடையில் செம்புக் கம்பி இழுத்து, இரண்டு முனையிலும் பீங்கான் கொட்டை கோத்து, அங்கிருந்து ஒரு கம்பியைச் செட்டுக்கு இறக்க வேண்டும். அதுதான் ஏரியல். அது இல்லாவிட்டால் பெட்டியில் வெறும் இரைச்சல்தான்.

இலங்கை நிலையம் அப்படியில்லை. குறுக்கே கடல் மட்டும்தான், அந்தக் கரையில் ஜன்னல் கம்பியில் ஒயரைச் சுற்றினால்கூடக் கணீரென்று பாடும். எங்கள் சூப்பர்வைசர் ஒரு முறை கட்டுமாவடியில் யாரோ ஒரு வியாபாரியின் சொந்த செட்டில் இலங்கைப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து, "கடற்கரையில ரிசப்ஷனுக்கு என்னய்யா கொறைச்சல்?" என்று சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்துப் புகார் எதுவும் அவர் காதில் ஏறவே இல்லை.

இன்னொரு கூத்து. செட்டு டிபார்ட்மெண்ட் சொத்து. கம்பமும் கம்பியும் பஞ்சாயத்துச் சொத்து. எந்தப் புண்ணியவான் இப்படிப் பிரித்தானோ தெரியவில்லை.

2. பந்தக்கால்

சித்திரை மாதம் நான் அந்த ஊருக்குப் போனபோது கம்பங்களைக் காணோம். குழி இரண்டும் மண் மூடிக் கிடந்தன.

ஊர் இரண்டு பகுதி. உள்ளே விவசாயக் குடும்பங்கள், பிரசிடெண்டு வீடு அங்கேதான். கடலோரத்தில் மீன்பிடிக்கிறவர்கள் இருந்த கரைத் தெரு. ரேடியோ அறை கரைத் தெருவின் முனையில் இருந்தது. அறை வாசலில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் நின்றாள். பெயர் செல்லம்மா. கட்டுமாவடிச் சந்தையில் மீன் விற்பவள், அவள் தம்பி முத்தையா வள்ளத்தில் போகிறவன்.

"அண்ணே, பெட்டி இரையுது, பேசமாட்டேங்குது. என்னன்னு பாருங்க."

"கம்பம் எங்கம்மா?"

"பிரசிடெண்டு வீட்டுக் கலியாணத்துக்குக் கொண்டுக்கிட்டுப் போனாக. பந்தலு பிரிச்சு எட்டு நாளாச்சு, இன்னும் வரல."

போனேன். பிரசிடெண்டு வீட்டு வாசலில் என் கம்பங்கள் இரண்டும் நாலு துண்டாகக் கிடந்தன. பந்தலுக்கு உயரம் அதிகம் என்று நடுவில் வெட்டியிருந்தார்கள்! செம்புக் கம்பியில் கல்யாண வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"வாங்க தம்பி, காப்பி சாப்பிடுங்க" என்றார் பிரசிடெண்டு.

"காப்பி இருக்கட்டும்யா. கம்பம் இல்லாம ரேடியோ கேக்காதுங்க."

"அதுக்கென்ன, வேற நட்டாப் போச்சு. டிபார்ட்மெண்டுக்கு எழுதிப் போடுறேன்."

"டிபார்ட்மெண்டு கம்பம் தராதுங்க. அது பஞ்சாயத்து போட வேண்டியது."

"சரி, மீட்டிங்ல வைப்போம். என்ன அவசரம்? அங்கிட்டு இருக்கவனுக வெவசாய நிகழ்ச்சி கேட்டு என்ன பண்ணப் போறானுக, கடல்ல நாத்து நடவா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மரியாதைக்குச் சிரித்தேன்.

3. விரல்

அன்றைக்கு ரிஜிஸ்தரில் உள்ளபடி எழுதினேன்: "ஏரியல் இல்லை. நிகழ்ச்சி கேட்கவில்லை." அறந்தாங்கிக்கு வந்ததும் சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டுச் சிவப்பு மசியால் அடித்தார்.

"நீ எதுக்குய்யா சம்பளம் வாங்குறே? செட்டைப் பாக்க. செட்டு நல்லாருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப ஓ.கே.ன்னு எழுது. அவங்க சொத்தைப் பத்தி நம்ம ரிஜிஸ்தர்ல எதுக்கு எழுதுறே? 'கேட்கவில்லை'ன்னு எழுதினா மேல இருந்து எனக்குல்ல மெமோ வரும்."

ஏரியல் இல்லாத இடத்தில் செட்டைச் சோதிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஏரியல் கம்பியை மாட்டுகிற டெர்மினலில் விரலை வைத்தால் உடம்பே கொஞ்சம் ஏரியலாக வேலை செய்யும். காதை ஸ்பீக்கர் துணியில் ஒட்டி வைத்தால் திருச்சி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். அது போதும், செட் நல்ல செட்டு. அடுத்த மாதத்திலிருந்து அப்படித்தான் செய்தேன். விரலை வைப்பேன், கேட்பேன், "செட் ஓ.கே." என்று எழுதுவேன், கையெழுத்துப் போடுவேன். பிறகு விரலை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். ஊருக்கு மிச்சம் இரைச்சல்தான்.

செல்லம்மா விடவில்லை. ஒவ்வொரு மாதமும் வந்து நிற்பாள். "இன்னைக்காச்சும் பேசுமா?" என்பாள். "பிரசிடெண்டுகிட்ட கேளும்மா" என்பேன். அவள் போய்க் கேட்டால் "டிபார்ட்மெண்டுக்கு எழுதியிருக்கு" என்பார். ஒரு முறை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க அங்கிட்டுக் கையைக் காட்டுறீக, அவரு இங்கிட்டுக் கையைக் காட்டுறாரு. நடுவுல நாங்க என்ன பந்தா? ஐப்பசி பொறந்தா காத்து எப்பத் திரும்பும்னு தெரியாது. போன வருசம் ரேடியோவுல சொன்னாக, ஒரு வள்ளமும் எறங்கல. இந்த வருசம் யாரு சொல்லுவா?"

"அதுக்குள்ள போட்டுருவாங்கம்மா" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஐப்பசியில் அந்த எச்சரிக்கை வந்தது. நான் என் காதாலேயே கேட்டேன். அறந்தாங்கிப் பட்டறையில் பெஞ்சின் மேல் ஒரு செட் பாடிக்கொண்டிருந்தது, நான் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன். காற்றழுத்தம், பலத்த காற்று, மீன் பிடிக்கிறவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று திருச்சியில் நிதானமாக இரண்டு தடவை வாசித்தார்கள். நானும் நிதானமாகக் கேட்டுவிட்டு அடுத்த வால்வை எடுத்தேன். கரைத் தெருவின் நினைப்பு எனக்கு வரவில்லை. வந்திருந்தால் பஸ் பிடித்தாவது போயிருப்பேனா? போயிருப்பேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அங்கே மூன்று வள்ளம் இறங்கின. இரண்டு திரும்பின. மூன்றாவது வள்ளம் பாயும் ஆளும் இல்லாமல் நாலு நாள் கழித்துத் தெற்கே ஒதுங்கியது. அதில் போனவர்கள் முத்தையாவும் அவன் கூட்டாளி ஒருவனும்.

4. விசாரணை

பத்து நாள் கழித்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். ரேடியோ அறையிலேயே நாற்காலி போட்டார்கள். பிரசிடெண்டு, எங்கள் சூப்பர்வைசர், நான். வாசலில் கரைத் தெரு முழுக்க நின்றது.

அதிகாரி ரிஜிஸ்தரைப் புரட்டினார். "மே மாசம் ஓ.கே. ஜூன் ஓ.கே. ஜூலை... எல்லாம் ஓ.கே. இது உம்ம கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

பக்கத்திலிருந்த குமாஸ்தாவை, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார்: ரேடியோ நல்ல நிலையில் இருந்தது. எச்சரிக்கை முறையாக ஒலிபரப்பானது. இறந்தவர்கள் அதைக் கேட்டும் பொருட்படுத்தாமல் கடலுக்குச் சென்றார்கள்.

பிரசிடெண்டு தலையை ஆட்டினார். "அவனுக எங்க சார் சொல் பேச்சுக் கேக்குறானுக? மொரட்டுப் பயலுக."

கம்பத்தை வெட்டிப் பந்தல் போட்ட மனுஷன் சொல்கிறான், செத்தவன் முரடன் என்று!

வாசலிலிருந்து செல்லம்மா உள்ளே வந்துவிட்டாள். யாரோ தடுத்தார்கள், கையை உதறினாள்.

"அய்யா, என் தம்பி போனது போயிட்டான். கேட்டுப்புட்டுத் திமிருல போனான்னு எழுதாதீக. அவன் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போவும், 'ஒங்கப்பன் சொல்பேச்சு கேக்காமச் செத்தவன்'னு நாலு பேரு சொல்லுவாக. பேசாத பெட்டியில எதைய்யா கேக்குறது?"

"பெட்டி பேசலையா? இங்க ஓ.கே.ன்னு இருக்கே?" என்றார் அதிகாரி.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் வேலை போகும். கல்யாணமாகி ஒரு வருஷம், கையில் குழந்தை. இருந்தாலும் எழுந்துவிட்டேன். வீரம் ஒன்றுமில்லை, அதற்கு மேல் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து செட்டைப் போட்டேன். இரைச்சல். விரலை வைத்தேன். "இப்பக் காதை வச்சுக் கேளுங்க சார்" என்றேன். அதிகாரி குனிந்து கேட்டார், திருச்சி முனகியது. விரலை எடுத்தேன். இரைச்சல்.

"இதுதான் சார் அந்த ஓ.கே."

"எத்தனை மாசமா?"

"ஏழு மாசமா. கம்பத்தைப் பிரசிடெண்டு வீட்டுப் பந்தலுக்கு வெட்டிட்டாங்க. முதல் மாசம் உள்ளதை எழுதினேன், பாருங்க, சிவப்பு மசியில அடிச்சிருக்கும். அப்பறம் நானும் எழுதல."

அதிகாரி குமாஸ்தாவின் பேனாவை வாங்கி, 'கேட்டும் பொருட்படுத்தாமல்' என்ற வரியைத் தன் கையாலேயே அடித்தார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

பிறகு நடந்த நியாயத்தையும் கேளுங்கள். எனக்கு மெமோ, இன்கிரிமெண்ட் கட், கந்தர்வக்கோட்டைக்கு மாற்றல். குற்றம்: உண்மைக்குப் புறம்பான பதிவு. சரி, அது நான் செய்ததுதான், வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசருக்கு ஒன்றுமில்லை, சிவப்பு மசி குற்றத்தில் சேர்த்தி இல்லையாம். பிரசிடெண்டுக்கு? 'இனி பஞ்சாயத்துச் சொத்தைக் கவனத்துடன் பயன்படுத்தவும்' என்று ஒரு கடிதம். இரண்டு உயிருக்கு ஒரு கடிதம்! அடுத்த தேர்தலிலும் அவர்தான் பிரசிடெண்டு.

5. அரை நாள்

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ரேடியோவோ டி.வி.யோ, கேட்கிறவன் காதில் விழுந்ததா, பார்க்கிறவன் கண்ணில் தெரிந்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கந்தர்வக்கோட்டைக்குப் போன நாள் முதல், அந்த ஊர் ஆள் ஒருவரைப் பெட்டிக்குப் பத்தடி தள்ளி நிறுத்தி, "கேக்குதா?" என்று கேட்காமல் நான் பேனாவைத் திறந்ததில்லை. யார் சொத்து, யார் பொறுப்பு என்பதையெல்லாம் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது மெமோ அல்ல. மாற்றலாகிப் போவதற்கு முந்தின நாள் ஸ்டோரிலிருந்து அறுபதடிக் கம்பியும் நாலு பீங்கான் கொட்டையும் இன்டெண்ட் சீட்டு எழுதிக் கொடுக்காமலே எடுத்துக்கொண்டு கரைத் தெருவுக்குப் போனேன். கம்பத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் இரண்டு பாய்மரத்தைத் தூக்கி வந்துவிட்டார்கள். பத்துப் பேர் குழி தோண்டினார்கள். கம்பியை இழுத்துக் கட்டினேன், மண்ணில் புதைத்திருந்த எர்த் குழாயைச் சுற்றி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம், மத்தியானச் செய்திக்கு முன்னால் முடிந்துவிட்டது.

செட்டைப் போட்டேன். திருச்சி தெரு முனைவரை கேட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், கிழவர் ஒருவர் கையைத் தட்டினார். செல்லம்மா மட்டும் அசையாமல் நின்றாள். மேலே கம்பியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா அண்ணே வேலை?" என்றாள்.