வேதாரண்யம் பஸ் நேரம், துபாய் வழியாக

இன்று வேதாரண்யம் பஸ்ஸில் வழியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, ஒரு மணி நேரம் வெயிலில் நின்றதாகச் சொன்னார்.

அவர் போனில் பஸ் நேர அட்டவணையின் படம் இருந்தது. என் இணையதளத்திலிருந்து எடுத்தது.

"இது நான் செஞ்சதுதாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"அப்படியா? எங்க ஊர்ல இது திறக்காதுங்க. எங்க வீட்டுக்காரங்க துபாய்ல திறந்து, படம் புடிச்சு அனுப்புவாங்க. இன்னைக்கு அவங்களுக்கு டூட்டி. இது போன மாசத்துப் படம், நேரம் மாறினது தெரியல."

காரணம் எனக்கு உடனே புரிந்தது. இணையப் பக்கத்தின் உச்சியில் திருவாரூர்த் தேரின் படத்தைப் பெரிதாக வைத்திருந்தேன். என் வீட்டு வைஃபையில் பளிச்சென்று வரும். அவர் ஊர் டவரில், தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பஸ் நேரம் தெரியும்.

உட்கார்ந்த இடத்திலேயே, என் போனில் தேர்ப் படத்தை நீக்கினேன். திருத்துறைப்பூண்டி தாண்டி, டவர் ஒற்றைக் கோடாக இருந்த இடத்தில் அவரைத் திறக்கச் சொன்னேன். வெறும் எழுத்தாக, சட்டென்று வந்தது.

"நல்லா இருக்குங்க" என்றவர், உடனே கணவருக்குக் குரல் பதிவு அனுப்பினார். "நாளைக்குத் திரும்பி வர பஸ் எத்தன மணிக்குன்னு பாத்து அனுப்புங்க."

"அதான் இங்கயே திறக்குதேங்க?"

"திறக்குது. இதையும் நானே பாத்துக்கிட்டா, அங்க இருக்குற மனுஷனுக்கு வீட்டுல வேற என்ன வேலைங்க இருக்கு?"

தேரை நான் திரும்ப வைக்கப்போவதில்லை. வளைகுடா நண்பர்களே, உங்கள் வீட்டில் உங்களுக்கென்று விட்டுவைத்திருக்கும் வேலை எது?